பாடறவன் காதுக்கு ஒரு பொட்டி

மார்கழிப் பட்டத்து மல்லாட்டையைப் பிடுங்கி, காயப்போட்டு, மூட்டை கட்டி அனுப்பிட்டா எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் கூத்துக் காலம் ஆரம்பிச்சிடும். பங்குனியில தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊர்ல திரௌபதி அம்மனுக்கு பாரதம் நடந்துகிட்டே இருக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசி நாள் காலையில படுகளம், சாயந்திரம் தீமிதி. செஞ்சி எங்களுக்கு ஒரு பஸ் தூரம். செஞ்சிக்குப் பக்கத்துல இருக்கற மேலச்சேரி கோயில்தான் இந்தப் பக்கத்து திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலம்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆல்ஃப் ஹில்டபைட்டல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் செஞ்சிப் பக்கம் ஊர் ஊரா சுத்தி இந்தத் திருவிழாவையும் கூத்தையும் பார்த்துட்டு 1988ல பெரிய புத்தகமே போட்டிருக்கார். நமக்கு அது பக்கத்துத் தெரு விஷயம்.

இந்தக் கூத்துக் காலம் வந்தா ஊருக்கு ஊர் ஒரே பேச்சு, "இந்த வருஷம் மைக் செட்டு யாரு? பொட்டி எத்தனை?" பொட்டின்னா ஸ்பீக்கர் பொட்டி. எவ்வளவு உசரத்துக்கு அடுக்கறாங்களோ அவ்வளவு கௌரவம். அத்தனை பொட்டியும் ஜனங்களைப் பார்த்துத்தான் நிக்கும். விடிய விடிய தொண்டை கிழியப் பாடறானே கூத்தாடி, அவனைப் பார்த்து ஒரு பொட்டியும் நிக்காது. இந்த வருஷம் எங்க ஜமா அந்த ஒரு பொட்டியை வாங்கிச்சு. மானிட்டர்னு பேரு. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் விசாரிச்சோம், தூக்கிப் பார்த்தோம், பாடிப் பார்த்தோம். பக்கத்து ஊர் ஜமாக்காரங்க, பஜனைக் கோஷ்டிக்காரங்கன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அதனால தெரிஞ்சதை எழுதி வெச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

நான் வேஷம் கட்டறவன் இல்ல. கழனி வேலை போக மீதி நேரத்துல, இருபது வருஷமா ஜமாவுல தாளம் போட்டு பின்பாட்டு பாடறேன். எங்க வாத்தியாருக்கு வயசு 64. துரியோதனன் அவர் கட்டினாத்தான் துரியோதனன். போன வருஷம் பதினெட்டாம் போர் அன்னைக்கு பாதி ராத்திரியிலேயே அவருக்கு குரல் கம்மிப் போச்சு. வசனத்தைக் காத்து மாதிரி பேசி ஒப்பேத்தினார். பாட்டையெல்லாம் நாங்க பின்பாட்டுலயே தூக்கிட்டோம். மறுவாரம் திருவண்ணாமலையில தொண்டை டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் உள்ள விட்டுப் பார்த்துட்டு, குரல் நாண் ரெண்டும் தடிச்சிப் போயிருக்கு, மூணு மாசம் சத்தமா பேசக்கூடாது, திரும்பவும் இதே மாதிரி கத்தினா குரல் வரும்னு சொல்ல முடியாதுன்னுட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"மைக்குதான் இருக்கே பெரியவரே, ஏன் கத்தறீங்க?"

வாத்தியார் கிசுகிசுன்னு சொன்னார்: "மைக் இருக்குது சார். ஆனா நான் பாடறது எனக்கே கேக்கலியே."

டாக்டர் ஒண்ணும் சொல்லலை. சொல்றதுக்கு என்ன இருக்கு, மருந்துச் சீட்டுல எழுதற விஷயமா அது? ஆனா எனக்கு அந்த வார்த்தை மனசுல நின்னுடுச்சு. வாத்தியார் குரல் போச்சுன்னா அவரோட போகாது. எங்க ஜமாவுல பதினாலு பேர். வருஷத்துல முப்பது நாப்பது ராத்திரி கிடைக்கற கூலியை நம்பித்தான் அதுல பாதிப் பேர் வீட்டுல கடன் அடையுது. அதோட, அவர் தொண்டையில இருக்கற விருத்தம் பலதும் எந்த நோட்டுலயும் இல்ல.

ஏன் கேக்கலைன்னு முதல்ல பார்ப்போம். கட்டை வேஷம்னா தலையில கிரீடம், காதுப் பக்கம், தோள் மேல எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில செஞ்ச அணிகலன். காது பாதி மூடிப் போயிடும். கால்ல சலங்கை, அது அவர் சத்தத்தோடயே போட்டி போடும். முதுகுக்குப் பின்னாடி பலகையில மத்தளம், டோலக்கு, ஆர்மோனியம், முகவீணை, எங்க தாளம். முன்னாடி இருக்கற பெரிய பொட்டி ஜனங்களைப் பார்த்து நிக்குது. அதோட வாயில வர்ற சத்தம் அவரை விட்டு விலகிப் போகுது. தூரத்துல தென்னை மரத்துல ஒரு புனல் கட்டியிருந்தா, அங்கேர்ந்துதான் அவர் குரல் அவருக்குத் திரும்பி வரும். சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். புனல் 34 மீட்டர் தள்ளி இருந்தா, செகண்டுல பத்துல ஒரு பங்கு தாமதமா வரும். கேக்கறதுக்கு சின்னதாத் தெரியும். தாளம் போடறவனைக் கேளுங்க, அவ்வளவு தாமதம்னா கையும் பாட்டும் ரெண்டு வண்டியில போற மாதிரி. பள்ளிக்கூடச் சுவத்துல மோதித் திரும்பி வர்றது இதுக்கு மேல.

சுத்தி சத்தம் அதிகமா இருந்து, தன் குரல் தனக்குக் கேக்கலைன்னா, மனுஷன் தன்னை அறியாமலேயே குரலை ஒசத்துவான். இதை எத்தியேன் லொம்பார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடிச்சு 1911ல எழுதினார். இன்னைக்கும் அவர் பேர்லதான் அதைச் சொல்றாங்க. மில்லுல வேலை செய்யறவங்க வீட்டுலயும் சத்தமா பேசறது, பஸ்ஸுல போன் பேசறவன் கத்தறது எல்லாம் இந்த வகை. "கத்தாதே"ன்னு சொன்னா நிக்காது. வேணும்னு செய்யறதில்லையே. காதுக்குக் கேக்க வெச்சாத்தான் தொண்டை தானா இறங்கும். சத்தம் குடுக்கறது தொண்டைன்னாலும் கடிவாளம் காதுகிட்டதான் இருக்கு.

இது கூத்தாடிக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல. என் அக்கா பையன் சென்னையில மேடை சவுண்டு வேலை பார்க்கறான், அவன் சொன்ன கதை இது. இங்கிலாந்துல பீட்டில்ஸ்னு நாலு பசங்க பாட்டுக் கோஷ்டி. 1965 ஆகஸ்ட் 15ல நியூயார்க்ல ஷே ஸ்டேடியம்னு ஒரு மைதானத்துல பாடினாங்க. 55,000 பேருக்கு மேல கூட்டம். ஜனங்க போட்ட கூச்சல்ல அவங்க வாசிக்கறது அவங்களுக்கே கேக்கலை. அவங்களைப் பார்த்து வெச்ச பொட்டி ஒண்ணுகூட இல்ல. டிரம்ஸ் வாசிச்சவர் முன்னாடி நிக்கறவங்க உடம்பு ஆடறதைப் பார்த்துப் பார்த்து வாசிச்சாராம். மறு வருஷத்தோட அவங்க ஊர் ஊரா போய்ப் பாடறதையே நிறுத்திட்டாங்க. உலகத்துலயே பேர் வாங்கினவங்களுக்கே அந்தக் கதின்னா, எங்க வாத்தியார் எம்மாத்திரம்?

ஊர்க் கூட்டத்துல இதைச் சொன்னப்ப ஒரு பெரியவர் கேட்டார். "இன்னாப்பா, எங்க காலத்துல மைக்கே கெடையாது. அவனவன் பாடிகினுதானே இருந்தான்? செய்யாறு பக்கம் புரிசையில தலைமுறை தலைமுறையா ஆடலியா?" நியாயமான கேள்விதான். ஆனா அப்போ ஜனங்க களரியைச் சுத்தி நெருக்கமா உட்கார்ந்தாங்க. ஜெனரேட்டர் இல்ல, ரோட்டுல லாரி இல்ல, பக்கத்துல ராட்டினக் கடை இல்ல. பாடறவன் குரலும் மத்தளமும் மட்டும்தான். அவன் குரல் அவனுக்குக் கேட்டுச்சு. மைக் வந்து ஜனங்களுக்குக் கேக்க வெச்சுது, பாடறவனை செவிடாக்கிடுச்சு. அதனால மைக் வந்த காலத்துக்குத்தான் மானிட்டர் வேணும்.

அடுத்த தகராறு பணம். ஊர்ல வசூலான தொகையில ஜமாவுக்குன்னு 40,000 ஒதுக்கினாங்க. இளவட்டம் சொன்னது, அதுல இன்னும் ரெண்டு பெரிய பொட்டி வாங்கி முன்னாடி வெச்சா எல்லாருக்கும் கேக்கும், வாத்தியாருக்கும் சேர்த்துக் கேக்கும். அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். அவன் கணக்குப் போட்டுக் காட்டினான்.

"மாமா, வெளியில சத்தம் தூரம் ரெட்டிச்சா நாலுல ஒரு பங்கா கொறையும். அதே சத்தம் கேக்கணும்னா வாட்டு நாலு மடங்கு வேணும். ரெண்டு மீட்டர்ல இருக்கற பொட்டியையும் பதினாறு மீட்டர்ல இருக்கற பொட்டியையும் பாருங்க. ரெண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு, எட்டு பதினாறாச்சு. மூணு தடவை ரெட்டிச்சிருக்கு. நாலு நாலு நாலு பெருக்குங்க. 64 மடங்கு. காலடியில 50 வாட்டு செய்யற வேலையை, தூரத்துப் பொட்டி செய்யணும்னா 3,200 வாட்டு வேணும். அதுவும் பொட்டி வாய் உங்களைப் பார்த்து இருந்தாத்தான்."

பம்பு செட்டுத் தண்ணி எப்படின்னா, வாய்க்கால் கடைமடையில நனையணும்னு பத்துக் குதிரை மோட்டார் போடறதும், செடிக்குப் பக்கத்துல சொட்டு நீர் வெக்கறதும் மாதிரி. இதுக்கு அப்புறம் கூட்டத்துல பெருசா எதிர்ப்பு இல்ல. "சரி, இந்த ஒரு வருஷம் பார்ப்போம்"னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு வருஷத்துல பலன் தெரியலைன்னா பொட்டியை வித்து ஊர்ப் பணத்தைத் திருப்பணும்னு நோட்டுல எழுதி என் கையெழுத்தும் வாங்கிட்டாங்க. அதனால ஒவ்வொண்ணையும் யோசிச்சுத்தான் பார்க்க வேண்டியதா இருந்துச்சு.

முதல்ல வாட்டு. பொட்டி மேல 2,000, 5,000ன்னு ஒட்டியிருப்பான். பி.எம்.பி.ஓ., பீக்குன்னு போட்டிருந்தா அதை எண்ணிக்கையிலயே சேர்க்காதீங்க. ஆர்.எம்.எஸ். இல்லைன்னா தொடர்ச்சியா எத்தனை வாட்டுன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடையில வாங்காதீங்க. வாட்டு ரெண்டு மடங்கானா காதுக்கு கொஞ்சம்தான் ஏறும், 3 டெசிபல். சத்தம் ரெண்டு மடங்கு மாதிரி தோணணும்னா பத்து மடங்கு வாட்டு வேணும். அதனால 100 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் இருக்கற வித்தியாசத்துக்கு அடிச்சுக்க வேண்டாம். நல்ல 100 வாட்டு ஆர்.எம்.எஸ். ஒரு பாட்டுக்காரன் காலடிக்குத் தாராளம்.

ரெண்டாவது பொட்டி அளவு. 15 இஞ்சுப் பொட்டி பார்க்க மிரட்டும். அது தம்தம்னு அடிக்கற அடிச் சத்தத்துக்கு. மனுஷக் குரலுக்கு 8 இஞ்சும் 10 இஞ்சும் போதும். குரல் புரியணும்னா மேல் சத்தம் சுத்தமா வரணும், அதுக்கு அந்தப் பொட்டியில தனியா ஒரு சின்ன ஹாரன் இருக்கணும். மானிட்டர்ல அடிச் சத்தம் அதிகமா இருந்தா மத்தளச் சத்தம் புகுந்து குரலை முழுங்கிடும். குறைக்கற திருகு இருக்கான்னு பாருங்க.

மூணாவது எடை. எங்க ஜமா சாமான் போறது ஒரு குட்டி யானை வண்டியில, சில ஊருக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்ல, சில நேரம் பஸ் மேல. ஒரு ஆள் ஒரு கையில தூக்கணும். 12 கிலோவுக்கு மேல போனா அதை வீட்டுல விட்டுட்டுப் போற நாள் வந்துடும். வீட்டுல கிடக்கற மானிட்டர் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் ஒண்ணுதான்.

நாலாவது பேட்டரி. இதுலதான் ஏமாறுவாங்க. கூத்து ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சா விடிய ஆறு. எட்டு மணி நேரம். கரண்டு எப்போ போகும்னு தெரியாது. ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தா அவ்வளவுதான். வெளிநாட்டுக் கம்பெனியில போஸ் எஸ்1 ப்ரோ, ஜேபிஎல் இயான் ஒன் காம்பாக்ட்னு ரெண்டு பொட்டி இருக்கு. ஏழெட்டு கிலோ எடை. ஒண்ணு 11 மணி நேரம், இன்னொண்ணு 12 மணி நேரம் வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது. விலை எங்களுக்கு எட்டாது. ஆனா ஒரு நல்ல பொட்டி எப்படி இருக்கணும்னு அளவு தெரிஞ்சுக்க அதைப் பார்த்தோம். கம்பெனி சொல்ற மணி நேரம் நிதானமான சத்தத்துக்கு. களரியில பாதிதான் வரும்னு வெச்சுக்கணும். நம்ம கடைகள்ல வர்ற பல பொட்டியில 12 வோல்ட் 7 ஆம்பியர் ஈயப் பேட்டரி இருக்கும். 12ஐ ஏழால பெருக்கினா 84. அதாவது 84 வாட்டை ஒரு மணி நேரம் தரும். எட்டு மணிக்கு பிரிச்சா மணிக்கு பத்து வாட்டு. ஈயப் பேட்டரியை முழுசா காலி பண்ணவும் கூடாது. அதனால வெளியேர்ந்து 12 வோல்ட் குடுக்க ஒரு சொருகு இருக்கற பொட்டியாப் பார்த்தோம். டிராக்டர் பேட்டரி 80 ஆம்பியர்னா அதே கணக்குல 960. ராத்திரி முழுக்கக் கவலை இல்ல. கழனி இருக்கறவனுக்கு இது ஒரு வசதி.

அஞ்சாவது இணைப்பு. போன்லேர்ந்து பாட்டுப் போடற ப்ளூடூத்தை நம்பி மானிட்டர் வாங்காதீங்க. ப்ளூடூத்துல சத்தம் செகண்டுல பத்துல ஒண்ணு, ரெண்டு பங்கு தாமதமா வரும். புனல் பண்ற அதே கோளாறு காலடியிலயே வந்துடும். ஒயர்தான். எக்ஸ்எல்ஆர்னு மூணு முள் சொருகு இருக்கணும், அது நீளமா இழுத்தாலும் இரைச்சல் சேராது. மைக் செட்டுக்காரர் மிக்சர்ல "ஆக்ஸ்"னு தனி வெளி வழி இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கணும். அந்த வழியிலதான் ஜனங்களுக்குப் போற சத்தம் வேற, பாடறவனுக்குப் போற சத்தம் வேறன்னு பிரிக்க முடியும். அது இல்லாத மிக்சர்னா மானிட்டர் இருந்தும் பாதிப் பிரயோஜனம்தான்.

காதுக்குள்ள மாட்டற கருவியைப் பத்தியும் விசாரிச்சோம். சினிமாப் பாட்டுக்காரங்க மேடையில மாட்டறாங்களே அது. கட்டை வேஷத்துக்கு ஒத்து வராது. அரிதாரம், வேர்வை, கிரீடக் கயிறு. அதோட எங்க வாத்தியார், "காதை அடைச்சுகினா ஜனம் சிரிக்கறது எனக்கு எப்படிடா கேக்கும்?"னார். கட்டியங்காரனுக்கு அது இன்னும் முக்கியம். ஜனங்க சிரிக்கற இடத்துல நிறுத்தி, சிரிப்பு அடங்கற இடத்துல அடுத்த வார்த்தையைப் போடணும்.

மைக் செட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் அஹுஜா. 1940ல ஆரம்பிச்ச டெல்லிக் கம்பெனி. அது இல்லாம இன்னும் நாலஞ்சு கம்பெனி. எந்தக் கம்பெனி வாங்கலாம்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, பேரை வெச்சு வாங்காதீங்க, பாடற ஆளைக் கூட்டிட்டுப் போய் வாங்குங்க. கடைக்குள்ள நாலு சுவத்துக்கு நடுவுல எல்லாப் பொட்டியும் நல்லாத்தான் கேக்கும். கடைக்காரர் சம்மதிச்சா வெளியில கொண்டு வந்து வைங்க. எங்களுக்கு ஒருத்தர் முன்பணம் வாங்கிட்டு மூணு பொட்டியை ஒரு நாளைக்குக் குடுத்தார். மாந்தோப்புல வெச்சு, பொட்டி மேல இருந்த பேரையெல்லாம் துணி போட்டு மூடி, மத்தளமும் முகவீணையும் நிஜமா வாசிச்சு, எங்க ஜமாவுல அர்ஜுனன் கட்டற தம்பியை சலங்கை, கிரீடம் எல்லாம் கட்டவெச்சுப் பாடச் சொன்னோம். கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எது முன்னாடி நின்னா ஒனக்குக் கத்தணும்னு தோணலை?" மூணுல விலை நடுவுல இருந்ததைக் கை காட்டினான். 10 இஞ்சு, 11 கிலோ. ரெண்டு வாங்கினோம், 31,000. மீதியில ஒயர், சொருகு, ரெண்டு நல்ல மைக்.

இனி வெக்கற இடம். நல்ல பொட்டியைத் தப்பான இடத்துல வெச்சா வீல்னு கூவும். மானிட்டர் சத்தம் மைக்குக்குள்ள போய், திரும்ப மானிட்டர்ல வந்து, திரும்ப மைக்குக்குள்ள போறதுதான் அந்தக் கூவல். பாட்டு மைக்குல பெரும்பாலும் கார்டியாய்டுன்னு ஒரு வகை. முன்னாடி நல்லா கேக்கும், நேர் பின்பக்கம் செவிடு. அதனால பலகையில நிக்கற எங்க பின்பாட்டுக்காரங்களுக்கு, மைக் முதுகுக்கு நேரா தரையில சாய்ச்சு வெச்சு, வாய் எங்க முகத்தைப் பார்க்கற மாதிரி வெச்சோம். சூப்பர் கார்டியாய்டுன்னு இன்னொரு வகைக்கு செவிட்டு இடம் நேர் பின்னாடி இல்ல, பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் இருக்கும். மைக் வாங்கின டப்பாவுல படம் போட்டிருப்பான், பாருங்க.

களரியில வேற சிக்கல். கூத்துல மைக் மேலேர்ந்து கயித்துல தொங்கும், வாய் கீழ பார்த்து. தரையில மானிட்டர் வெச்சா அது நேரா மைக் வாய்க்குள்ளயே ஊதும். சினிமாக் கச்சேரி மாதிரி தரையில வெக்கணும்னு ஒண்ணும் சட்டமில்லையே. கீழ பார்த்துத் தொங்கற மைக்குக்கு செவிட்டுப் பக்கம் மேல் பக்கம். அதனால பந்தல் மூங்கில்ல, மைக்கை விட ஒரு முழம் மேல, முன்பக்கமா ஒரு பொட்டியை ரெட்டைக் கயிறு போட்டுக் கட்டி, ஆடறவர் தலையைப் பார்த்து சாய்ச்சோம். கூவல் நின்னுது. மூங்கில் உறுதியா இருக்கான்னு தொங்கிப் பார்த்துட்டுக் கட்டுங்க. 11 கிலோ தலையில விழுந்தா கிரீடம் தாங்காது.

அர்ஜுனன் தபசு அன்னைக்கு மட்டும் அதை அவுத்து, தபசு மரத்தடியில மல்லாக்க மேல பார்த்து வெச்சோம். மரம் ஏற ஏறப் பாடறவனுக்குத்தான் துணை அதிகம் வேணும். அவனுக்கு மட்டும் கன்னத்தோட ஒட்டற ஒயர் இல்லாத மைக், அன்னைக்குப் போட்ட புதுப் பேட்டரியோட.

மானிட்டர்ல என்ன போடறதுங்கறதும் முக்கியம். எல்லாத்தையும் போட்டா எதுவும் கேக்காது. ஆடறவருக்கு அவர் குரலும் ஆர்மோனியச் சுருதியும் மட்டும். பலகைக்கு ஆடறவர் குரல் மட்டும். எக்கோ கூடவே கூடாது. ஜனங்களுக்கு வேணும்னா போட்டுக்கட்டும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெதுவா ஏத்திக்கிட்டே போய், கூவ ஆரம்பிக்கற இடத்தைப் பார்த்துட்டு, அங்கேர்ந்து நல்லா கீழ இறக்கி வெச்சுடணும். நடுராத்திரியில யாரும் தொடக்கூடாது. பாடறவர் மைக் தலையைக் கையால மூடிப் பிடிச்சாலும் கூவும், பசங்களுக்கு அதைச் சொல்லி வெக்கணும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. 2005 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிடுச்சு. திருவிழாவுக்கு வருஷத்துல 15 நாளுக்கு மேல போகாம, நடுராத்திரி 12 மணி வரைக்கும் அரசாங்கம் தளர்வு குடுக்கலாம். மானிட்டரும் ஒலிபெருக்கிதான், அதுக்குத் தனிச் சலுகை இல்ல. கூத்தோ விடிய விடிய நடக்கறது. இந்த இழுபறி ஊருக்கு ஊர் இருக்கு. நான் பார்த்தது ஒண்ணு. மானிட்டர் இருந்தா ஜனங்க பக்கம் சத்தத்தைப் பாதியா குறைச்சாலும் ஆட்டக்காரர் பதறலை. முன்னெல்லாம் வெளிச் சத்தம் குறைஞ்சா, "மைக் அவுட்டு"ன்னு நினைச்சு இன்னும் கத்துவார். பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்களும், உடம்பு முடியாதவங்களும் இருக்கற ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல.

இந்தப் பருவம் இருபத்தாறு ராத்திரி ஆடியிருக்கோம். பொட்டி வந்ததால எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். வாத்தியாருக்குப் பழைய உச்சம் இல்ல, அரைக் கட்டை இறக்கித்தான் பாடறார். ரெண்டு ஊர்ல "இந்த வருஷம் சத்தம் பத்தலை"ன்னு முணுமுணுத்தாங்க. மழையில ஒரு ஒயர் போச்சு. ஆனா, பதினெட்டாம் போர் முடிஞ்சு விடிஞ்சதும் படுகளத்துல படுத்து எழுந்து வந்தவர், அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டே, டீக்கடைப் பையனை அவர் குரல்லயே கூப்பிட்டார். "தம்பி, சக்கரை கம்மியா ஒண்ணு." பலகையில இருந்த நாங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். போன வருஷம் அந்த நேரத்துக்கு அவர் விரலைக் காட்டித்தான் டீ கேட்டார். ஊர் நோட்டுல நான் போட்ட கையெழுத்துக்கு அது பதில்.

இப்போ மத்தியானத்துல அவர் திண்ணையில ரெண்டு பசங்களுக்கு விருத்தம் சொல்லித் தர்றார். சொல்லித் தர்றதுக்குக் குரல் மிச்சம் இருக்கு.

உங்க ஊர்ல கூத்தோ, பஜனையோ, பிள்ளைங்க கரகாட்டமோ வெக்கறீங்கன்னா, மைக் செட்டுக்காரர்கிட்ட பேசும்போது ஒரு வரி சேர்த்துக்குங்க: "எங்களுக்கு எத்தனை பொட்டி வேணா போடுங்க, பாடறவங்களைப் பார்த்து ஒண்ணு இருக்கணும்." வாங்க முடியலைன்னா ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுங்க. அதுக்கும் வழி இல்லைன்னா, இருக்கற பொட்டியில சின்னது ஒண்ணைத் தூக்கிப் பாடறவர் பக்கமா திருப்பி வைங்க, மைக்கோட செவிட்டுப் பக்கம் பார்த்து. செலவில்லாத வேலை அது.